கையைத் தூக்காதவர்

ஆஸ்பத்திரியில் பிசியோ அறைக்கு வெளியே அவரைப் பார்த்தேன். எனக்கு லேசான முதுகுப் பிடிப்புதான். கைகால் விழுந்துவிடுமோ என்று பயந்து போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கு அகன்ற தோள்கள், ஒரு காலில் இரும்புப் பட்டை. சுருட்டிய துண்டை மேலே எறிந்து, பார்க்காமலே பிடித்துக்கொண்டிருந்தார்.

கோலாலம்பூரில் ஒரு குழுவுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவராம். எதிரணி உயர உதைத்து அனுப்பும் பந்தைப் பிடித்து, அவர்களுக்கு நடுவே புகுந்து ஓடுவது அவர் வேலை. ஜப்பானில் ஆடக் கூப்பிட்டிருந்த நேரத்தில், ஒரு ஆட்டத்தில் முட்டி போய்விட்டது.

“அடிபடாம தப்பிக்க வழியே இல்லியா?” என்று கேட்டேன்.

“இருக்குண்ணே. பந்து வர்றப்ப கைய தூக்கி ஆட்டுனா போதும், யாரும் தொடக்கூடாது. ஆனா ஓடவும் முடியாது.”

“அன்னிக்கு ஏன் தூக்கல?”

மருந்து வாங்கும் இடத்தில் நின்ற தன் அம்மாவைப் பார்த்தார். “அம்மா மொத தடவயா பாக்க வந்துச்சு. ராசா எஸ்டேட் வேலைக்கு லீவு போட்டு வந்துச்சு. அதுக்கு ரூல்ஸ் எங்க தெரியும்? கைய தூக்குனா பயந்துட்டேன்னு நெனச்சிரும்லா.”

அம்மா மருந்துப் பையோடு வந்து உட்கார்ந்தார். “நீங்களே கேளுங்க தம்பி. அத்தன பேரு ஓடி வர்றானுங்க, இவன் அவனுங்ககிட்டயே ஓடுறான். சும்மா நின்னிருந்தா என்னவாம்?”

“புத்தியில்லம்மா,” என்று சிரித்தபடி அவர் என்னைப் பார்த்தார்.

எதையும் உளறிவிடும் வாய் எனக்கு. அன்று இறுக மூடிக்கொண்டேன். வேறு யாராவது அந்த அம்மாவுக்கு ஆட்டத்தின் விதியை விளக்கிவிடுவார்களோ என்று இன்றும் பயமாக இருக்கிறது.