வதனி அக்கா தொட்டுப் பார்த்த வேலி

செவ்வாய்க்கிழமை காலை, ரொறன்ரோவில் மோர்னிங்சைட் வீதி பஸ்ஸில் இருந்தபோது வதனி அக்காவின் மகளிடமிருந்து செய்தி வந்தது. "அம்மா போயிட்டா." எதிர்பார்த்திருந்த செய்திதான். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, என் கட்டிலருகே சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பற்றரி. சனிக்கிழமை அதைத் தேனீப் பெட்டிகளுக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதியோர் இல்லத்தில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவரைத் தெரியும். எவ்வளவு பாரமான மனிதரையும் நோகாமல் புரட்டிப் படுக்கவைக்கும் பராமரிப்பாளர். ரொறன்ரோவுக்கு வடக்கே இரண்டு மணிநேரத் தொலைவில், ஒரு நண்பரின் காணியில் அவர் நான்கு தேனீப் பெட்டிகள் வைத்திருந்தது பலருக்குத் தெரியாது. இரண்டைக் கரடி உடைத்தது. மிஞ்சிய இரண்டைச் சுற்றிச் சூரிய மின்வேலி போட்டார். நோய் வந்தபின் பாரம் தூக்க முடியாமல், இல்லத்தின் அலுவலகத்தில் ஷிப்ற் அட்டவணை எழுதும் என்னைக் கூப்பிட்டார். "நீ கதைக்கமாட்டாய். தேனீக்குப் பிடிக்கும்" என்றார்.

பனிக்காலத்தில் வெயில் போதாது. ஆகவே ஒரு பற்றரி வேலியில், ஒன்று வீட்டில். சனிதோறும் மாற்றுவோம், சூரியத் தகட்டின் பனியைத் துடைப்போம்.

போன டிசம்பரில் ஒருநாள். கரடிகள் இன்னும் பனிக்கால உறக்கத்துக்குப் போகவில்லை. அந்தக் குளிரில் பெட்டி உடைந்தால், உள்ளே ஒட்டிக் கிடந்து சூடேற்றிக்கொள்ளும் அத்தனை தேனீயும் செத்துவிடும். மின்சாரம் அளக்கும் மீற்றரின் ஒரு முனையை வேலிக் கம்பியிலும் மறுமுனையை நிலத்தில் அறைந்திருந்த இரும்பிலும் கொளுவிப் பார்த்தேன். மின்சாரம் நன்றாகவே இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதல் பல்கலைக்கழகம் போனவள் நான்; மீற்றரை நம்பினேன். அக்கா கையுறையைக் கழற்றிக் கம்பியைப் பிடித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"உன்ர மீற்றருக்கு அடிக்குது பிள்ளை. கரடிக்கு அடிக்காது. ஸ்னோதான் அதுக்குப் பூட்ஸ்."

உடல் வழியே மின்சாரம் மண்ணுக்குப் போனால்தான் அடி விழும். பனி அதை மறித்திருந்தது. ஒன்றுவிட்டு ஒரு கம்பியில் மின்சாரத்தை நிறுத்தி, அவற்றை அந்த இரும்போடு இணைத்தோம். இனி இரண்டு கம்பிகளையும் சேர்த்துத் தொட்டால், பனியில் நின்றாலும் அடி விழும். பிறகு அக்கா ஜாக்கெற் கையை மடித்தார். ஊசி ஏற்றிய இடமெல்லாம் கறுத்திருந்த கை. முழங்கையைக் கீழ்க்கம்பியிலும் விரல்களை மேல்கம்பியிலும் வைத்தார். உடம்பு துள்ளியது.

"ஓம், இப்ப அடிக்குது" என்று சிரித்தார்.

மீற்றர் இருக்கும்போது இது ஏன் என்று கேட்டேன்.

"நான் வாங்காத அடியை இன்னொரு சீவனுக்குக் குடுக்கமாட்டன்."

அடுத்த சனி, கரடியின் தடங்கள் நேராக வேலிவரை வந்திருந்தன. அங்கே பனி கலைந்து கிடந்தது. பிறகு தடங்கள் பெரும் பாய்ச்சலாகக் காட்டுக்குள் திரும்பியிருந்தன. நான் மகிழ்ந்தேன். அக்கா அந்தத் தடக் குழிகளுக்கு முன் வெகுநேரம் நின்றார். "பாவம், நல்லா நொந்திருக்கும்" என்றார். எவ்வளவு நொந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவரை நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை இறுதிச்சடங்கில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழும்ப முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மறுநாள் தனியே போனேன். மார்ச் மாதம், கரடிகள் விழிக்கும் காலம். தகட்டைத் துடைத்தேன், பற்றரியை மாற்றினேன். மீற்றர் சரியென்றது. காரில் ஏறிவிட்டு மறுபடி இறங்கினேன்.

அவருடைய பெட்டிகள், பற்றரிகள் எல்லாம் அவர் மகளுக்கு உரியவை. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, மீற்றர் பார்த்த பிறகும் ஜாக்கெற் கையை மடித்துக் கம்பியைத் தொடும் அந்தப் பழக்கம் மட்டும். முழங்கையைக் கீழே வைத்தேன், விரல்களை மேலே. அடி தோள்வரை ஏறியது. கண்ணீர் வந்தது. பிறகு வேலி வாசலால் உள்ளே போய்ப் பெட்டியில் காதை வைத்தேன். உள்ளே தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன.

"ஓம் அக்கா, அடிக்குது" என்றேன், வாய்விட்டு.