பத்தொன்பதாவது வரி

என் கருவிப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நிகழ்ச்சிக்கு முன் சரிபார்க்க வேண்டியவை என்று தலைப்பிட்டு, லேமினேஷன் செய்த தாள். மொத்தம் பத்தொன்பது வரிகள். முதல் பதினெட்டும் நான் கணினியில் தட்டச்சு செய்தவை: பேட்டரி புதியதா, கேபிள் முனையில் உப்புப் பூத்திருக்கிறதா, மைக்குக்குக் காற்றுறை போட்டாயிற்றா என்பது போன்றவை. பத்தொன்பதாவது மட்டும் கறுப்பு மார்க்கரில், போகப்போக மேல்நோக்கி ஏறும் பெரிய எழுத்தில் இருக்கிறது. அது என் கையெழுத்து அல்ல. அந்தக் கையெழுத்து ஒன்றுக்காகக் கல்யாண மண்டபங்களின் பின்வாசலில் மணிக்கணக்கில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

மேடையில் பாடுகிறவரின் காதுக்குள் என்ன கேட்க வேண்டும் என்பதைக் கவனித்துக்கொள்வது என் வேலை. கூட்டத்துக்குக் கேட்கும் ஒலியை வேறொருவர் எதிரே உட்கார்ந்து கலப்பார். நான் மேடையின் ஓரத்தில் இருப்பேன். பாடகர் காதில் மாட்டியிருக்கும் சிறு கருவிக்குள் அவர் குரல் எவ்வளவு, தபேலா எவ்வளவு, கீபோர்டு எவ்வளவு என்று அளந்து அனுப்புவேன். செங்கல்பட்டில் பாலிடெக்னிக் முடித்து, சென்னையில் ஒலிப்பதிவு ஒரு வருடம் படித்த எனக்கு முதலில் கிடைத்த நிரந்தர வேலை ஒரு பாடகியம்மாவிடம். என் அம்மா சமையலறையில் முணுமுணுக்கும் பாட்டுகளில் பாதி அவருடையவை. கடலைப் பார்த்த அவருடைய வீடு நெம்மேலிக்குப் பக்கத்தில் இருந்தது. ஆறு வருடம் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கே பேருந்து மாறி, ஒத்திகைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஆறு வருடத்தில் நான் அதிகமுறை பதில் சொன்ன கேள்வி ஒன்றுதான். பல் டாக்டர் கேட்டிருக்கிறார், வங்கியில் கேட்டிருக்கிறார்கள், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் என் பையில் இருந்த அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார். “அவங்க நேர்ல எப்படி?” கேட்பவர்கள் இரண்டில் ஒரு பதிலை எதிர்பார்ப்பார்கள். ரொம்ப எளிமை, அல்லது ரொம்பத் திமிர். என்னிடம் இருந்தது ஒரு நீளமான பட்டியல், அது எந்தப் பக்கமும் சாயாது. வெந்நீர் பிளாஸ்க் மேடையில் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். இடதுபக்கம் இருந்தால் அன்று முழுக்கக் குற்றம் கண்டுபிடிப்பார். இடதுபக்க முகத்தை மட்டுமே படம் எடுக்க விடுவார். குளிர்ந்தது எதையும் தொடுவதில்லை என்று பேட்டிகளில் சொல்வார்; காரில் குல்ஃபி சாப்பிடுவார். டிரைவர் மகளின் பரீட்சைத் தேதிகள் அத்தனையும் மனப்பாடம். ஆனால் ஆறு வருடத்தில் என் பெயர் அவர் வாயில் ஒருமுறையும் வந்ததில்லை. முதல் நாள் என்ன படித்தாய் என்று கேட்டார், சொன்னேன், அன்றிலிருந்து நான் “பாலிடெக்னிக்”. வாசலுக்கு வரும் மீன்காரம்மாவிடம் தினமும் பேரம் பேசித் தோற்பார். “டிவில மட்டும் நல்லா சிரிக்கிறியே, இங்க இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வெச்சிகினு கீற?” என்று அந்தம்மா கேட்பாள். அதற்காகவே கீழே இறங்கி வருகிறாரோ என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடிந்ததும் காதுக்கருவியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, “எப்படி?” என்று ஒற்றைச் சொல்லில் கேட்பார். நான் சொல்லும் பதிலை நின்று கேட்பார். நான்காவது வருடத்தில், எந்த நாளிலிருந்து என்று குறித்துவைக்கவில்லை, அந்தக் கேள்வி நின்றுபோயிற்று. கருவியைத் தருவார், காருக்குப் போய்விடுவார்.

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய பேரைச் சொன்னாலே நினைவுக்கு வரும் பாட்டு ஒன்று. எந்த மேடையிலும் அதைப் பாடாமல் விடமாட்டார்கள். அதன் சரணத்தில் குரல் மேலே ஏறிப் போய் அங்கேயே நிற்கும் ஓர் இடம். முப்பது வருடத்துக்கு முன் பதிவு செய்த அதே கட்டையில்தான், அதாவது அதே சுருதியில்தான், அவர் பாடிவந்தார். அது அவருக்கு ஒரு கௌரவம். ஆறேழு மாதமாக அந்த இடத்தில் குரல் இறுகியது. எதிரே ஒலி கலக்கும் அண்ணன் கூடுவாஞ்சேரிக்காரர், கெட்டிக்காரர். சரியாக அந்த இடம் வரும்போது கோரஸ் பெண்களின் மைக்கைத் தூக்கிவிடுவார். கூட்டம் கை தட்டும். ஆனால் என் காதில் இருந்தது கோரஸ் இல்லாத வெறும் குரல். பாட்டு முடிந்ததும் கீபோர்டுக்காரர் “சூப்பர்மா” என்பார், தபேலாக்காரர் “இன்னிக்கு வேற லெவல்மா” என்பார், நானும் தலையாட்டுவேன். ஒரு மீட்டர் தவறாகக் காட்டினால் கழற்றிப்போட்டு வேறு மாற்றுகிறவள் நான். அந்தத் தலையாட்டல் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

மாமல்லபுரத்தில் கடலை ஒட்டிய ஒரு விடுதியின் புல்வெளியில், ஏதோ ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. வெயில் தாழ்ந்து கொஞ்சநேரம்தான் ஆகியிருந்தது. நான்கு பாட்டு முடிந்திருந்தது, அடுத்தது அந்தப் பாட்டு. நடுவில் யாருக்கோ கேடயம் கொடுக்க வேண்டும் என்று தொகுப்பாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். என் மேசையில் ஒரு சின்ன மைக் உண்டு. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். நான் பேசுவது பாடகியின் காதில் மட்டும் கேட்கும். மறுபடி அழுத்தினால்தான் அணையும். நான் அழுத்தி, “அம்மா, இன்னும் ரெண்டு நிமிஷம்” என்றேன். அவர் திரும்பாமலே தலையசைத்தார். அப்போது அண்ணன் தண்ணீர் பாட்டிலோடு என் பக்கம் வந்தார்.

“அண்ணே, இன்னும் எத்தினி நாளைக்குக் கோரஸைத் தூக்கி மூடுவீங்க?” என்றேன். “பழைய கட்டையில அந்த இடம் அவங்களுக்கு இனிமே வராது. ஒரு கட்டை இறக்குனா சொகமா பாடுவாங்க. யாராவது சொல்லணும்.”

“நீயே போய்ச் சொல்லேன். நாளைலேர்ந்து வூட்ல குந்திகினு அப்பளம் போடு.”

“விளையாட்டுக்குச் சொல்லல அண்ணே. எனக்குத்தான் தனியாக் கேக்குது. பாவமா கீது.”

அண்ணன் என் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மேடையில் பாடகியம்மா எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். அவருடைய இடது கை மெதுவாக உயர்ந்து காதைத் தொட்டது. கருவியைக் கழற்றப்போகிறார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. கேடயம் வாங்கியவருக்காகக் கைதட்டினார். ‘பாவமா கீது’ என்பதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். வேலை போகும் என்பது பிறகுதான் மனதுக்கு வந்தது. இன்னும் ஒரு நிமிடத்தில் அவர் அந்தப் பாட்டைத் தொடங்க வேண்டும். பழைய கட்டையில் தொடங்கினால் அந்த இடம் வருவதற்குள் அவருக்கு என் குரல் ஞாபகம் வரும். குரல் உடைந்தால் உடைத்தது நான்.

அவர் வெந்நீரை எடுத்து இரண்டு மிடறு குடித்தார். பிறகு கீபோர்டுக்காரரிடம் போய் ஒரு விரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். இருபது வருடமாக அவரோடு இருப்பவர் அவர். அந்தச் சைகை புரியாதவர்போல் நிமிர்ந்து பார்த்தார். பாடகியம்மா விரலை எடுக்கவில்லை. கீபோர்டில் அது ஒரு பொத்தான் வேலை. கஷ்டப்பட்டது புல்லாங்குழல்காரர்தான். கட்டை மாறினால் அவருக்குக் குழலே மாற வேண்டும். அந்தக் குழல் பையின் அடியில் இருந்தது. அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப்போட, கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, பாடகியம்மா மைக்கில் சிரித்தபடி, “கொஞ்சம் பொறுத்துக்குங்க, நம்ம புல்லாங்குழலுக்குக் கடல் காத்து பட்டதும் எது எந்தக் குழல்னு மறந்துபோச்சு” என்றார். கூட்டம் சிரித்தது. ஒரு பாவமும் அறியாத மனிதர். மூன்று வாரம் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிரபலமானவர்கள் நேரில் எப்படி என்று கேட்கிறவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

அண்ணன் தன் இடத்துக்கு ஓடினார். பிறகு பாடகியம்மா பாடினார். அந்த இடம் வந்தபோது அண்ணனின் கை பழக்கத்தில் கோரஸைத் தேடிப் போயிருக்கும். ஆனால் கோரஸ் ஏறவில்லை. என் காதில் கேட்டதும் கூட்டத்துக்குக் கேட்டதும் முதல்முறையாக ஒன்றாக இருந்தன. குரல் மேலே போய், அங்கே உட்கார்ந்து, அவசரமில்லாமல் இறங்கி வந்தது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். ஒரு கட்டை இறங்கியது அங்கே யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

நிகழ்ச்சி முடிந்து கருவியை என் கையில் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஒத்திகைக்கு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. “இன்னாடி, இன்னிக்கும் வூட்லயே கீற?” என்றாள் அம்மா. நடந்ததைச் சொன்னேன். “அவங்களைப் போயி அப்டிச் சொல்லலாமாடி” என்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அன்று முணுமுணுப்பு கேட்கவில்லை. நான் ஒரு தாளை எடுத்து, திருப்பித் தர வேண்டியவற்றை எழுதினேன். ஒத்திகை அறைச் சாவி, காதுக்கருவி இரண்டு ஜோடி, சார்ஜர், அவருடைய சிவப்புக் குடை. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு நானாகவே போனேன். போவதற்குமுன் சரிபார்ப்புத் தாளில் பதினெட்டாவதாக ஒரு வரி சேர்த்து அச்செடுத்துக்கொண்டேன்: பேச்சுப் பொத்தான் அணைந்ததா? எனக்குப்பின் வருகிறவருக்காவது பயன்படட்டும் என்று.

அவர் வாசலில் மீன்காரம்மாவிடம் சங்கராவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். என் பையைப் பார்த்தார். “என்ன, ஊரைக் காலி பண்ணிட்டுக் கெளம்பிட்ட மாதிரி இருக்கு?” உள்ளே கூட்டிப்போனார். பட்டியலைச் சொல்லி ஒவ்வொன்றாக மேசையில் எடுத்துவைத்தேன். குடையை மட்டும் எடுத்துக்கொண்டார். “இதைத்தான் ஒரு மாசமாத் தேடறேன்.” பிறகு என் கையில் இருந்த தாளைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டு, பதினெட்டு வரியையும் படித்தார்.

“எவ்வளவு நாளா?”

“ஆறேழு மாசமாம்மா.”

“நான் கேக்கலேன்னா நீங்க யாரும் சொல்ல மாட்டீங்களா?”

தெரிந்துதான் கேட்பதை நிறுத்தியிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. கேட்டால் நாங்கள் பொய் சொல்வோம். பொய் சொல்லாவிட்டால் உண்மை தெரிந்துவிடும். இரண்டுக்கும் பயந்து அவரும் எங்களோடு சேர்ந்து தலையாட்டியிருக்கிறார்.

மேசையில் ரசிகர்களுக்குப் படத்தில் கையெழுத்துப் போடும் மார்க்கர் இருந்தது. அதை எடுத்து, தாளின் அடியில் பத்தொன்பதாவதாக ஒரு வரி எழுதி, என்னிடம் நீட்டினார்: கட்டை சரியா? கேட்காவிட்டாலும் சொல்லவும்.

“அந்தக் கூடுவாஞ்சேரிக்காரன்கிட்டயும் காட்டு. அப்புறம், பாலிடெக்னிக், பாவம் கீவம்லாம் உன் பையிலயே வெச்சிக்கோ. கட்டையை மட்டும் சொல்லு.” சாவியை என் பக்கம் தள்ளிவிட்டார். வாசலில் மீன்காரம்மா, “இன்னும் நிக்கணுமா, போவணுமா?” என்று குரல் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர் மேடையில் பாடினார். பத்துப் பன்னிரண்டு பாட்டுகள் கட்டை இறங்கின. இரண்டை நிறுத்திவிட்டார். ஒன்றுக்கு என்னோடு சண்டை போட்டு, பழைய கட்டையிலேயே பாடி, அது சரியாகவே அமைந்து, ஒரு மாதம் அதைச் சொல்லிக் காட்டினார். “எப்படி?” என்ற கேள்வியும் திரும்ப வந்தது. போதும் என்று தோன்றியபோது அவரே நிறுத்திக்கொண்டார். இப்போது அதே வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். தொலைக்காட்சியில் யாராவது சிரமப்பட்டுப் பாடுவதைக் கேட்டால் எனக்குப் போன் வரும். “அந்தப் பொண்ணுக்கு ஒரு பாலிடெக்னிக் கிடைக்கலியா?”

தாளை நான் மூன்றுமுறை மாற்றி அச்செடுத்துவிட்டேன். கருவிகள் மாறின, வரிகளும் மாறின. பத்தொன்பதை மட்டும் தட்டச்சு செய்வதில்லை. பழைய தாளிலிருந்து அந்தத் துண்டை வெட்டி ஒட்டி, மேலே மறுபடி லேமினேஷன் செய்துகொள்கிறேன்.

இப்போது நான் வேலை பார்ப்பது ஓர் இளம் பாடகரிடம். என்னைவிட நான்கு வயது சின்னவர். அவரைப் பற்றியும் நேரில் எப்படி என்று கேட்கிறார்கள்; என் பட்டியல் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. போன வாரம் திருப்போரூர் பக்கம் ஒரு கல்லூரி மைதானம். பிற்பகல், ஆளில்லாத நாற்காலிகளுக்கு முன்னால் ஒலிச் சோதனை. ஒரே வாரத்தில் அது அவருக்கு நான்காவது மேடை. மூன்றாவது பாட்டின் மேல்வரியில் அவர் குரல் உரசியது. “மாஸ் ப்ரோ” என்றார் கிதார்காரர். டிரம்ஸ்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். பாடகர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இந்தமுறை தெரிந்தேதான் பொத்தானை அழுத்தினேன். “தம்பி, மூணாவது பாட்டு கட்டை அதிகமா இருக்கு. இறக்கிப் பாக்கலாம்.”

மேடையில் அவர் கை இடது காதுக்குப் போயிற்று. திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மைக்கை வாயருகே கொண்டுவந்து, “அரைக் கட்டை போதுமாக்கா?” என்றார்.

போதும் என்றேன். பத்தொன்பதை டிக் செய்தேன். பிறகு பதினெட்டுக்கு வந்து, பொத்தானை மறுபடி அழுத்தி, சிவப்பு விளக்கு அணைந்ததா என்று பார்த்துக்கொண்டேன்.