பட்டினி கிடக்காத மீராலெப்பை காக்கா

எழுத்துப் பிழையும் மறதியும் என்னோடு கூடவே வருகின்றன. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இந்தப் பத்தியில் போன கிழமை எழுதியதையே இந்தக் கிழமை திருப்பி எழுதினாலும் பொறுத்துக்கொள்கிறீர்கள். இம்முறையும் பொறுங்கள்... சொல்ல வந்த விஷயத்தை மட்டும் விடமாட்டேன்.

எனக்கு மூத்தவளான ராத்தாவின் மகன் ரிபாஸ், கல்முனையில் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவன். பெருநாளுக்கென்று ஒரு நாடகம் எடுத்தான். ஊர் ஆட்களே நடித்தார்கள். பெண்கள் மட்டும் இருந்து பார்க்க, ஞாயிறு பின்னேரம் ஹோலில் போடுவதாக ஏற்பாடு.

அதற்கு முன்பே, சத்தம் சரிபார்க்கக் கொடுத்த இடத்தில் யாரோ கொப்பி அடித்துவிட்டார்கள். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எல்லாப் போனிலும் நாடகம்! ஞாயிற்றுக்கிழமை ஹோலுக்குப் போனோம். முன்வரிசையில் நானும், நாடகத்தை எழுதிய பஸ்மியாவும். பின்னால் வெறும் கதிரைகள்.

பஸ்மியா மருதமுனையில் கைத்தறி நெய்கிறவள். தறியில் இருந்தபடியே வசனங்களைப் போனில் பேசிப் பதிந்து, வீட்டுக்குப் போய் எழுதியவள்.

"இன்னொருக்காப் போட்டும் ஆக்கள் வராட்டி, நான் இனி எழுதமாட்டன்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

ரிபாஸுக்கோ கோபம். இந்த ஞாயிறு மறுபடி காட்சி வைப்பானாம். அதற்கு முன் கள்ளக் கொப்பிக்கு எதிராக ஒரு வீடியோவை வட்ஸ்அப்பில் விடுவானாம். பத்தி எழுதுகிற நான் பேசினால் பெண்கள் கேட்பார்களாம். பஸ்மியாவையும் கூட்டிக்கொண்டு காலையில் வீட்டுக்கு வந்தான். வாசிக்கச் சொல்லி ஒரு தாளை நீட்டினான்.

'நம் நாடகத்தில் நடித்த மீராலெப்பை காக்கா, கள்ளக் கொப்பியால் தொழில் இழந்து இன்று பட்டினி கிடக்கிறார்' என்று அதில் இருந்தது.

"மகன், இது எப்ப நடந்த?"

"நடக்கல்ல சாச்சி. அப்பிடிச் சொன்னாத்தான் சனத்துக்கு உறைக்கும்."

கேற்றடியில் ஹோர்ன் சத்தம் கேட்டது. யார் என்கிறீர்கள்? பட்டினி கிடக்கிற ஆள்தான் — மோட்டார் சைக்கிளின் பின்னால் மீன் பெட்டி நிறையக் கீரி மீனோடு!

காலையில் எங்கள் ஊரில் அவர் நிற்காத கேற் உண்டா? அண்ணன் முறை வைத்து 'காக்கா' என்று கூப்பிட்டு, வீட்டுப் பெண்கள் எல்லோரும் அவரிடம்தான் மீன் வாங்குகிறோம். அவரைப் பட்டினி போட்டு, அந்தச் செய்தியை எங்களுக்கே அனுப்பப் பார்க்கிறான் இவன்...

பஸ்மியா தாளை அவருக்கு வாசித்துக் காட்டினாள். நாடகத்தில் வயல்காரப் போடியாராக நடித்த அவர், கேட்டுக்கொண்டே தராசில் மீனை நிறுத்தார்.

"நான் பட்டினியா? நாடகம் போன்ல வந்த நாள்ல இரிந்து, 'போடியார் வந்திரிக்கார், மீன் வாங்குங்க' எண்டு சின்னப் புள்ளயள் கூடக் கூப்பிடுதுகள். பெட்டி வெள்ளனவே காலி. என்னச் சாகடிச்சு மையித்தாக்காம பட்டினியோட விட்டியே தம்பி... அல்ஹம்துலில்லாஹ்."

ரிபாஸ் சிரிக்கவில்லை. "பகிடி விடாதீங்க காக்கா. உள்ளதச் சொன்னா ஆரு கேக்கிற? 'ஊரே பாத்திச்சே, சந்தோசப்படு' எங்காங்க."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என்னிடமே அப்படிச் சொன்னவர்கள் உண்டு. ஆனாலும், ஒரு பொய் கேற்றடியில் பிடிபட்டால் என்ன ஆகும்? பட்டினி பொய்யென்றால் களவும் பொய்தான் என்று சனம் இரண்டையும் சேர்த்தே தள்ளிவிடாதா?

"அப்ப உண்மையில என்னதான் போச்சு? அதச் சொல்லுவம்" என்றேன்.

"என்ட பேர் போச்சு" என்றாள் பஸ்மியா. "கடைசியில பேர் போடுற துண்டு அந்தக் கொப்பியில இல்ல. அதச் சேக்க முதலே எடுத்திட்டாங்க. எனக்குப் பக்கத்துத் தறியில இரிக்கிறவளே, 'ரிபாஸ் நல்லா எழுதியிரிக்கான்' எண்டு எனக்கிட்டச் சொல்றாள்."

ரிபாஸ் அவள் கையிலிருந்த தாளை வாங்கி நாலாக மடித்தான்.

நாலு பேர் முன்னால் கதைக்க எனக்கு வெட்கம். வெட்கப்படாதவளாக இருந்தால் நேரில் கதைக்காமல் இந்தப் பத்தியை ஏன் எழுதுகிறேன்? இருந்தாலும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"இந்த நாடகத்த எழுதின மருதமுனைப் பஸ்மியா. நீங்க பாத்த கொப்பியில அவட பேர் இல்ல. எழுதினத்த எடுத்தவங்க, எழுதினவள விட்டுட்டுப் போயிட்டாங்க. மீராலெப்பை காக்கா நல்லா இரிக்கார். பஸ்மியாக்குத்தான் மனசு சரியில்ல. ஞாயிறு பின்னேரம் ஹோலுக்கு வாங்க."

"இவ்வளவுதானா சாச்சி?"

"ஓம். இதுல ஒரு சொல்லுக் கூட்டினாலும் என்ட முகத்த அழிச்சிரு."

வீடியோ போய்விட்டது. ஞாயிறுக்கு முன் இந்தப் பத்தியும் உங்கள் கைக்கு வந்துவிடும். எத்தனை கதிரை நிறையும்? தெரியாது. தெரிந்ததுபோல எழுதவும் மாட்டேன்.

ஒரு உதவி மட்டும் வேண்டும். நாடகத்தின் நடுவில் வரும் தாலாட்டும் பஸ்மியா எழுதியது என்றுதான் நினைக்கிறேன். என் மறதியை நம்பி அடித்துச் சொல்ல முடியவில்லை. அவளைக் கேட்டால் வெட்கத்தில் பேச்சை மாற்றிவிடுகிறாள். ஞாயிறு வருகிறவர்கள், கடைசியில் பெயர்கள் ஓடும்போது எழும்பிவிடாமல் இருந்து, யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.