கவிழ்த்து வைத்த வட்டா

ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்காவின் தறிக் கொட்டிலில் ஒரு பித்தளை வெற்றிலை வட்டா கிடக்கிறது. இப்போது அதில் வெற்றிலை இல்லை. நெசவுக்கு நூல் சுற்றிய தார்கள்தான் குவிந்திருக்கின்றன. போன மாதம் நாட்டார் கதைகளைத் தேடி மருதமுனைக்கு வந்த பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்தி, கதைத் தொடர் என்றால் அதற்கு ஒரு நாயகன் வேண்டும், ஓர் ஒழுங்கு வேண்டும் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். என் கண் அந்த வட்டாவிலேயே நின்றது. எங்கள் தெருக் கதைகளில் நாயகன் என்று எவனும் இருந்ததில்லை. ஒழுங்கு இருந்தது, அதுவும் கறாரான ஒழுங்கு. அதை அவளுக்குச் சொன்னேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான், காய்ச்சலில் மௌத்தானார். ராத்தாவுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவனை இழந்தவள் வெளியே இறங்காமல் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலத்தில், எங்கள் தெருப் பெண்கள் பின்னேரம் அஸர் தொழுத கையோடு வந்து அவளுக்குக் கதை சொல்வார்கள். முதல் கதையைத் தொடங்குகிறவள் அதை முடிக்காமல் விட்டுவிட வேண்டும். அடுத்தவள் அந்தக் கதையில் வந்த யாராவது ஒருவரைப் பிடித்துத் தன் கதைக்குள் கொண்டுபோக வேண்டும். வட்டா யாரிடம் போகிறதோ அவள் முறை. இத்தா முடிகிற நாளில் அது இத்தா இருந்தவளிடமே வரும். முதல் கதையை அவள் முடித்து, வட்டாவைக் கவிழ்த்து வைப்பாள். அதற்கு மேல் அந்தக் கதையில் ஒருவரும் கை வைக்கக் கூடாது.

வாப்பாவின் தங்கையான மாமி, முதல் கதையைத் தானே எடுத்துக்கொண்டார். அதற்குக் காரணம் இருந்தது. மாமியின் மகனுக்கு ராத்தாவைக் கட்டி வைப்பதென்று வாப்பாவும் மாமியும் தங்களுக்குள் முடிவு செய்திருந்தார்கள். இத்தாவில் இருப்பவளிடம் கலியாணப் பேச்சு எடுப்பது ஆகாது. ஆகவே எல்லாம் குசுகுசுப்பாகவே நடந்தது. மச்சானின் இரண்டு தறிகளையும் அந்த மகனே பார்த்துக்கொள்வான் என்பதும் அந்த முடிவில் சேர்த்தி. ராத்தாவுக்கு நன்றாக நெய்யத் தெரியும். அதை யாரும் ஒரு விஷயமாக எடுக்கவில்லை.

மாமியின் கதையில் ஒரு கப்பல் வியாபாரி கடலில் மூழ்கிப்போகிறான். அவனுடைய கூட்டாளி, தங்கமான மனுஷன், அவன் மனைவியைப் பெண் கேட்டு வருகிறான். பந்தல் போட்டாயிற்று, சோற்றுச் சட்டியும் அடுப்பில் ஏறிவிட்டது என்ற இடத்தில் மாமி நிறுத்தி, வட்டாவைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் தள்ளிவிட்டார். பிறகு வந்த கதைகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அந்தச் சட்டிக்குக் காவலிருந்த சமையல்காரன், அவனை ஏமாற்றிய கிளி வியாபாரி, அந்தக் கிளியை வாங்கிய, வழக்குத் தீர்க்கும் காதியார் என்று எங்கே சுற்றினாலும் கதை ஒரு கலியாணத்தில்தான் போய் விழுந்தது. தெருவுக்கே சங்கதி தெரியும். ராத்தாவுக்கு மட்டும் தெரியாது என்று நினைத்தார்கள். அவள் சுவரில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் வீடு நிறையப் பெண்கள். வாசல் திரைச் சீலைக்கு அந்தப் பக்கம் வாப்பா வந்து உட்கார்ந்திருந்தார். மாமி வட்டாவை ராத்தாவின் முன்னால் வைத்தார்.

"சொல்லு மகள். பந்தல் போட்டபடி கிடக்கு."

ராத்தா வட்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கலியாணம் முடிச்சி வெக்க லெப்பை வந்தாரு. ஊரே வந்திச்சி," என்றாள். "அவக்கிட்ட மட்டும் ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல. கடைசில லெப்பைதான் சம்மதமா எண்டு கேட்டாரு. அவ மாட்டன் எண்டுட்டா. ஆக்கின சோத்த எல்லாருக்கும் குடுத்து அனுப்பிட்டு, புரிசன்ட தறில போய் இரிந்தா."

"கப்பல்காரனுக்கு எங்கால புள்ள தறி?" என்றார் மாமி.

"இரிந்திச்சி மாமி."

சொல்லிவிட்டு வட்டாவைக் கவிழ்த்தாள். முடிக்கிற உரிமையை அவளிடம் கொடுத்து வைத்த வழக்கம் மாமிக்குத் தெரியாததல்ல. அதை அவள் எடுத்துக்கொள்வாள் என்றுதான் நினைத்திருக்கவில்லை. சீலைக்கு அப்பால் வாப்பா தொண்டையைச் செருமினார். இவ்வளவு பேர் கேட்டிருந்த ஒன்றை அவராலும் கேட்காததாக்க முடியவில்லை. மறுநாள் காலை கொட்டிலில் தறிச் சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நான் சொல்லி முடித்ததும் அந்தப் பிள்ளை, தறியில் இருந்த ராத்தாவின் பக்கம் திரும்பி, "அந்தக் கப்பல்காரன்ட மனுசி பிறகு என்னவானா?" என்று கேட்டாள்.

ராத்தா தறியை நிறுத்தவில்லை.

"அது முடிஞ்ச கதை மகள். அந்த வட்டால இரிந்து ஒரு தார் எடுத்துத் தாங்க."