சுருக்கத்தில் விடுபட்ட பெயர்

இன்று பண்டாரவளையில் ஒரு டிஸ்பென்சரி. டாக்டருக்குத் தமிழ் வராது. வரிசையில் எனக்கு முன்னால் இருந்த தேயிலைத் தோட்டத்து அக்காவுக்குச் சிங்களம் வராது. எனக்கு இரண்டும் வரும்.

"தங்கச்சி, கொஞ்சம் கூட வந்து சொல்லுங்க," என்று என்னை உள்ளே அழைத்துப் போனார்.

அவர் நெடுநேரம் பேசினார். மகன் செல்வம் கொழும்பில் கடை வேலைக்குப் போனது, தோட்டத்து லய வீட்டுக்குச் சவப்பெட்டியில் திரும்பி வந்தது, அன்றிலிருந்து தொண்டையில் சோறு இறங்காதது, தூக்கம் வராதது.

வெளியே வரிசை நீண்டிருந்தது. "சாப்பிட முடியவில்லையாம், தூக்கமும் இல்லையாம்," என்று சிங்களத்தில் முடித்துவிட்டேன்.

டாக்டர் மருந்து எழுதத் தொடங்கினார். அக்கா என்னையே பார்த்தார்.

"அவ்ளோதானா தங்கச்சி? செல்வம்னு ஒரு தடவகூட வரலியே."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "செல்வம்," என்று மெதுவாகச் சொன்னார். அப்போதுதான் அக்கா அழுதார்.

பள்ளியில் 'மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குக' என்ற கேள்விக்கு எனக்கு எப்போதும் முழுப் புள்ளி. இன்று அதைச் சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். நீளமாகவே எழுதுங்கள்.