பல்லி சொன்ன கல்யாணம்

எங்கள் சித்தியின் கல்யாணம் ஒரு பல்லியின் கையில் போய் நின்றதற்கு அப்புச்சியின் வாய்தான் காரணம். சித்தி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். அங்கேயே கட்டிங் மாஸ்டராக இருந்தவரைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். அம்மாவைப் பெற்ற அப்புச்சியோ, ஒரு சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி, துணி வெட்டுகிறவனுக்குப் பெண் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. சித்திக்கும் பிடிவாதத்தில் குறைச்சலில்லை, அவர் மகள்தானே. ஆறு மாதம் இருவருக்கும் பேச்சில்லை. கடைசியில் அவரே இறங்கிவந்து, கன்னிமார் கோயிலில் வாக்குக் கேட்போம் என்றார். வலப்பக்கம் பல்லி சொன்னால் கொடுப்பது. சொல்லாவிட்டால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுவது. சித்தி சரியென்று தலையாட்டினாள்.

அப்போது எனக்கு எட்டு வயது. தை மாதக் குளிரில் விடியற்காலையே கிளம்பிப் போனோம். கணியூருக்குப் பக்கத்தில் அமராவதிக் கரையில் இருந்தது கோயில். கோயில் என்றால் ஏழு கல், மூன்று சுவர், மேலே ஒரு கூரை. பொங்கலுக்கு யாரோ புண்ணியவான் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போயிருந்தார். அதில், அங்கே இருந்த பல்லிகள் அத்தனையும் வீடு காலி செய்துவிட்டன. ஆற்றின் மேல் பனி கலையும்வரை பார்ப்போம் என்று சொல்லி அப்புச்சி கற்களுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

வாக்குக் கிடைக்கும்வரை புளிச்சோற்றுத் தூக்கைத் திறக்கக்கூடாது என்றாள் அம்மா. எனக்கு அதுதான் பெரிய கவலை. இருப்புக்கொள்ளாத மாமா, கரையோரம் எங்கேயாவது பல்லி தென்படுகிறதா என்று பார்த்துவரச் சித்தியையும் என்னையும் அனுப்பினார். பார்த்து என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பனைமரங்களின் செதிலுக்குள் பார்த்தோம். படித்துறைக் கல் இடுக்கில் பார்த்தோம். ஈரப்புல்லில் பாவாடை நனைந்து காலோடு ஒட்டியது. மற்ற நாளில் சோறு பொங்கும் இடத்திலெல்லாம் வந்து நிற்கிற ஜந்து, தேவைப்பட்ட அன்றைக்கு எங்கேயும் இல்லை. கடைசியில் ஒரு தோட்டத்து மோட்டார் ரூமில், மீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒன்று இருந்தது. வால் அறுந்த குட்டிப் பல்லி, குளிரில் விறைத்துப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கிடந்தது. நான் கையை நீட்டினேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

“ஒரே ஒருக்கா சொல்லு சாமி. அங்க வந்து சொல்லு.”

அது காதிலேயே வாங்காமல் விரிசலுக்குள் போய்விட்டது. சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பெரியவர்கள் பல்லியிடம் அழுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. திரும்பி நடக்கையில் என் கையை அவள் விடவேயில்லை.

கோயிலுக்கு வந்தபோது எதிர்க்கரைத் தென்னைகள் தெரிய ஆரம்பித்திருந்தன. பனி மெலிந்துகொண்டிருந்தது. நான் வலப்பக்கச் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நாக்கை அண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கினால் பல்லிச் சத்தம் வரும். வகுப்பில் அதற்காக அடிகூட வாங்கியிருக்கிறேன். பாதி சித்திக்காக, பாதி புளிச்சோற்றுக்காக, மூன்று முறை சொடுக்கினேன். சொடுக்கியதும் பயம் வந்துவிட்டது. ஒன்றும் தெரியாதவள்போல முன்பக்கம் வந்து நின்றேன்.

மாமா அப்புச்சியின் பக்கம் திரும்பினார்.

“கேட்டுதுங்களாப்பா?” என்றார் மாமா.

தூரத்துத் தோட்டத்தில் ஓடும் மோட்டாரின் சத்தத்தை வைத்தே கிணற்றில் தண்ணீர் இறங்கியதைச் சொல்லிவிடும் காது அப்புச்சியுடையது. அவர் சுவரைப் பார்த்தார். பிறகு என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு தலைகுனிந்து நின்ற சித்தியைப் பார்த்தார்.

“கேட்டுது. வலப்பக்கந்தான்.”

சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புச்சி தேங்காயை உடைத்துப் பூசையை முடித்தார். எந்தக் கோயிலில் தேங்காய் உடைத்தாலும் முதல் கீற்றைச் சுவர் இடுக்கில் வைப்பது அவர் வழக்கம். அது பல்லிக்கு, மற்றவர்களுக்கெல்லாம் அதன் பிறகுதான். அன்றைக்கும் முதல் கீற்றை எடுத்துக்கொண்டு சுவர்வரை போனார். அங்கே சற்று நின்று திரும்பிவந்து, அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

“தின்னு கண்ணு.”

சித்திக்கு அந்த மாசியிலேயே கல்யாணம் நடந்தது. அப்புச்சி இன்று இல்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அவர்மேல் பரிதாபம்தான் வந்தது. பாவம், வயதாகிவிட்டது, பல்லிக்கு வைக்க மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, பாதிக் கீற்றைத் தின்றுவிட்டு, மீதியை யாருக்கும் தெரியாமல் சுவர் இடுக்கில் நானே வைத்துவிட்டு வந்தேன்.