டொலறஸ் கழுவிய கோப்பை

டொலறஸ் தும்மலை விழுங்கிக்கொண்டிருந்தார். இடது கை மூக்கைப் பிடித்திருக்க, வலது கை மட்டும் காய்ந்த காம்பொன்றின் மேல் மெல்லிய காகிதப் பட்டியை ஒட்டி முடித்தது. முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து, கண்ணில் நீர் முட்டி, பிறகு மெல்ல இறங்கியது. "போயிட்டுது," என்றார் என்னிடம், பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி.

மேற்கு லண்டனில், உலகத்துச் செடிகளையெல்லாம் காயவைத்துத் தாளில் ஒட்டி அடுக்கியிருக்கும் களஞ்சியம் ஒன்றில், பதினாறு வருடமாக அந்த ஒட்டும் வேலை அவருடையது. அங்கே தும்மக் கூடாது. முன்பொரு பேராசிரியர் தும்மியதில் அரிய பாசியொன்று யன்னலால் பறந்துபோய் இன்றைக்கும் கட்டடக் கூரையில் முளைத்துக் கிடப்பதாக டொலறஸ் சத்தியம் செய்வார். பெயர்ச்சீட்டு எழுதப் போகும் நாட்களில் நானும் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். ஏதோ பச்சையாகத்தான் இருக்கிறது.

மன்னார்க்காரி. தெற்கு லண்டன் நோர்பரியிலிருந்து மூன்று வாகனம் மாறி வருவார். கைப்பையில் செபமாலையும் இலங்கைத் தேயிலைத் தூளும் இருக்கும். நூல் கட்டிய காகிதப் பையில் வரும் தேயிலைக்கு அவர் வைத்த பெயர் "கால் கழுவின தண்ணி". கழுவாத கோப்பை கண்ணில் பட்டால் அவர் கை சும்மா இராது. யாருடையது, உள்ளே என்ன என்ற விசாரணையெல்லாம் கிடையாது. கவிழ்ப்பார், தேய்ப்பார், துடைப்பார். களஞ்சிய இயக்குநர் குடித்துக்கொண்டிருந்த கோப்பியையே வாய்க்கும் மேசைக்கும் நடுவில் பறித்துக் கழுவினார் என்றால் நம்பமாட்டீர்கள். பாதியை நம்பினால் போதும்.

எதிர் மேசைக்காரர் பாலேந்திரா, பினாங்கிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட தாவரவியலாளர். 2006 வசந்தத்தில் அவர் கொடிபோல ஏறும் புதரொன்றைப் புது இனமென்று வருணித்துக்கொண்டிருந்தார். காபோன் நாட்டு மலையொன்றில் 1961இல் ஒரே ஒரு தடவை பறிக்கப்பட்டது. பிறகு யார் கண்ணிலும் படாதது. வேறொரு நாட்டிலிருந்து இரவலாக வந்த ஒற்றைத் தாள்தான் அதற்குச் சாட்சி. புது இனமென்றால் அதன் அடையாளத்தை இலத்தீனில் எழுதவேண்டும் என்பது அந்நாளைய விதி. பாலேந்திரா எழுதியதை வாய்விட்டு வாசித்து, டொலறசுக்காகத் தமிழிலும் சொல்வார். டொலறஸ் கோயில் பழக்கத்தில் பதில் கொடுப்பார்.

"தண்டுல கொக்கி முள்ளு."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"இலை எதிர் எதிரா, அடியில பொன் நிறத்துல முடி."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"அக்கா, இது சர்ச் இல்லைலா!"

"இலத்தீனிலை இழுத்து வாசிச்சா அது மன்றாட்டுத்தான், தம்பி. நீர் வாசியும்."

மன்றாட்டு பூவில் வந்து நின்றது. தாளில் இருந்தது ஒரே பூ. அதன் சூலகத்தில் முடி இருந்தால் புது இனம். வழுவழுப்பாக இருந்தால் ஏற்கெனவே பெயருள்ள பழைய இனம். பாலேந்திராவின் ஐந்து வருட உழைப்பும் குப்பையில். பிளந்து பார்க்க அனுமதி வந்திருந்தது. வெள்ளிக்கிழமை தாள் திரும்பிப் போகவேண்டும். காய்ந்த பூவை அப்படியே வெட்டினால் பொடியாகிவிடும். சுடுநீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு ஊறவைத்தால் பறித்த அன்று போல இளகும். வியாழன் காலை பாலேந்திரா ஊறவைத்தார். கையில் அகப்பட்டது ஒரு தேநீர்க் கோப்பை. கத்தி எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது கோப்பை பளபளவென்று துடைத்துக் கவிழ்த்திருந்தது.

"அக்கா, இந்தக் கப்புல இருந்தது எங்க?"

"சோப்புத் தண்ணிதானே? ஊத்திப்போட்டன். கோப்பையை நுரையோடை விட்டிட்டுப் போறதே?"

பாலேந்திரா தாளைக் காட்டினார். பூ இருந்த இடத்தில் வெறும் காம்பு.

டொலறஸ் நெற்றியில் சிலுவை போட்டார். "மடு மாதாவே!" அடுத்த கணம் அறையே அதிரக் கத்தினார்: "குழாயை ஒருத்தரும் தொடாதேங்கோ!" கழுவுதொட்டியின் ஓட்டையிலிருந்த சல்லடையைக் கழற்றி, அதில் சேர்ந்திருந்த மண்டியை ஒற்றுத்தாளில் கவிழ்த்தார். எல்லாம் அவருடைய தேயிலைத் தூள். நனைந்த பூவும் அதே பழுப்பு நிறம்.

"போச்சுக்கா. அந்தக் காட்டையே வெட்டி ரோடு போட்டுட்டான். இன்னொண்ணு பறிக்க இடமே கிடையாது."

"வாயை மூடும், தம்பி."

ஊசி முனையால் ஒவ்வொரு துணுக்காகத் தள்ளினார். "தேயிலை. தேயிலை. சோறு. தேயிலை." ஒரு மணி நேரம் போயிற்று. பாலேந்திரா நகத்தைக் கடித்து முடித்து விரலுக்கு வந்திருந்தார். மண்டி ஒரு கரண்டியளவுக்குக் குறைந்தது. டொலறசின் குரலும் குறைந்து, உதடு மட்டும் அசைந்தது.

திடீரென்று ஊசி நின்றது. "இதிலை நரம்பு வேறை மாதிரி ஓடுது."

மெல்லத் தூக்கினார். ஊசி முனையில் நெல்லளவில் ஏதோ தொங்கியது. அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. ஒரு கையில் ஊசி, மறு கையில் லென்ஸ். கண் பிதுங்க அவர் பாலேந்திராவைப் பார்த்தார். பாலேந்திரா பாய்ந்து வந்து அவர் மூக்கை இறுக்கிப் பிடித்தார். கப்பலே அந்தப் பிடியில் நின்றிருக்கும். பெயர்ச்சீட்டோடு வந்து நின்ற நானும் சேர்த்து மூவரும் அசையவில்லை. ஊசி கண்ணாடித் தகட்டுக்கு வந்து, பூ இறங்கியது.

இதழ்கள் போய்விட்டிருந்தன. சூலகம் முழுசாக இருந்தது. பாலேந்திரா நுண்ணோக்கியில் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"என்ன தம்பி, சொல்லுமன்."

"முடி," என்றார். "அடர்த்தியா, பொன் நிறத்துல. புதுசுதான்க்கா."

"எங்களுக்காக…" என்று தொடங்கிய டொலறஸ் பாதியில் விட்டுக் காகிதத்தை எடுத்தார். சூலகத்தைக் காகித உறையில் மடித்துத் தாளில் ஒட்டினார். வெளியே போய், இரண்டு கதவுகளைச் சாத்தி, ஏழு தும்மல் தும்மினார். பக்கத்துத் தெருவில் நாய் குரைத்தது.

மூன்று மணிக்குப் பாலேந்திரா தேத்தண்ணி குடித்துவிட்டுக் கோப்பையை மேசையில் வைத்தார். டொலறசின் கை தானாக நீண்டது. எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, லென்ஸைக் கண்ணில் வைத்து அடிமண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, கழுவாமலே, அதைப் பாலேந்திராவின் இரண்டு கைகளுக்குள்ளும் திருப்பி வைத்தார்.